ஒட்டுக்கன்றும் மரபணுத் துண்டும்

பேராக் மாநிலத்தின் அரச நகரமான கோலகங்சாரில், மாவட்ட அலுவலகத்திற்கு அருகில் முதிர்ந்த ரப்பர் மரம் ஒன்று நிற்கிறது. 1876ஆம் ஆண்டு பிரேசில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகள் இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றுள் மிகச் சிலவே முளைத்தன. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவற்றுள் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. இன்று நிற்கும் மரம் அந்த ஒன்பதில் எஞ்சிய ஒன்றாகப் போற்றப்படுகிறது.

அந்தச் சில கன்றுகளைத் தொடர்ந்து ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா எனப் பேராக் எங்கும் பால்மரக் காடுகள் விரிந்தன. விடியுமுன் எழுந்து, உளியும் வாளியும் ஏந்தி, மரத்துக்கு மரம் நடந்து பால் சேர்த்த நம் முன்னோரின் உழைப்பு அம்மண்ணில் கலந்திருக்கிறது. இன்று அத்தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆயினும், அங்கே வளர்ந்த ஒரு கைத்திறன் இன்றைய ஆய்வுக்கூட அறிவியலைப் புரிந்துகொள்ள நமக்கு உதவுகிறது. அதுதான் ஒட்டுக்கட்டும் கலை.

ஒட்டுக்கட்டும் கலை

நிறையப் பால் தரும் மரத்தின் விதையை நட்டால், அதே அளவு பால் தரும் மரம்தான் வளரும் என்று உறுதி கூற முடியாது. பிள்ளைகள் பெற்றோரைப் போலவே இருப்பதில்லை அல்லவா? ஆகவே, தேர்ந்த மரத்தின் குணத்தை மாறாமல் பெருக்க ஒட்டுக்கட்டுதல் கையாளப்பட்டது.

முதலில், விதையிலிருந்து வளர்ந்த கன்றின் அடிப்பகுதியில் பட்டையைக் கீறித் திறப்பர். தேர்ந்த மரத்தின் கிளையிலிருந்து ஒரு முளைக்கண்ணைப் பட்டையோடு பெயர்த்தெடுத்து, அத்திறப்பில் பொருத்திக் கட்டுவர். ஏறக்குறைய மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்துப் பார்ப்பர். கண் பசுமையாக இருந்தால் ஒட்டுப் பிடித்துவிட்டது என்று பொருள். பின்னர், கன்றின் மேற்பகுதியை வெட்டிவிடுவர். கீழே ஒரு மரத்தின் வேர். மேலே மற்றொரு மரத்தின் உடல். இரண்டும் ஒன்றாகி வளரும்.

இக்கலையில் வெற்றி பெற மூன்று நிபந்தனைகள் உண்டு. வெட்டிய துண்டும் திறந்த இடமும் அளவில் பொருந்த வேண்டும்; வெட்டுவாய் தூய்மையாக இருக்க வேண்டும்; எந்த மரத்தின் கண் எது என்பதைப் பெயர்ச்சீட்டில் பிழையின்றிக் குறிக்க வேண்டும். முதல் இரண்டில் தவறினால் கண் காய்ந்து விழும். தவறு உடனே தெரிந்துவிடும். மூன்றாவதில் தவறினால் மரம் நன்றாகவே வளரும். பல ஆண்டுகள் கழித்துப் பால் வெட்டத் தொடங்கும்போதுதான் தவறான இரகம் என்பது தெரியவரும்.

1925இல் தொடங்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் இரகம் உலகப் புகழ் பெற்றது. அதன் பெற்றோருள் ஒன்று ஜாவாத் தீவைச் சேர்ந்த இரகம். மற்றொன்று சிலாங்கூரின் பிராங் பெசார் தோட்டத்தைச் சேர்ந்த பி.பி. 86. அத்தோட்டம் இருந்த இடத்தில்தான் இன்று புத்ராஜெயா எழுந்து நிற்கிறது. ஓரிடத்தில் தேர்ந்தெடுத்ததை மற்றோரிடத்தில் நம்பிக்கையோடு பயன்படுத்தியதால்தான் இந்த முன்னேற்றம் கைகூடியது. இதே நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டு, உலகெங்கும் உள்ள மாணவர்கள் இன்று மரபணுத் துண்டுகளை ஒட்டி வருகின்றனர்.

நான்கு எழுத்தில் ஒரு நூல்

தமிழ் எழுத்துகள் 247. உயிரினங்களின் உடலமைப்பைக் குறித்து வைத்திருக்கும் டி.என்.ஏ. என்னும் நூலிலோ எழுத்துகள் நான்கே. அடினைன், தைமின், குவானைன், சைட்டோசைன் என்பன அவை. இக்கட்டுரையில் அவற்றை அ, தை, கு, சை எனச் சுருக்கி வழங்குவோம். இந்த நான்கும் வெவ்வேறு வரிசையில் நீண்டு அமைவதால், பாக்டீரியா முதல் மனிதன் வரை எல்லா உயிர்களுக்கும் உரிய கட்டளைகள் உருவாகின்றன.

ஓர் உயிரின் டி.என்.ஏ.வில் உள்ள பயனுள்ள துண்டுகளை எடுத்து, வேறு துண்டுகளோடு இணைத்து, புதிய பணியைச் செய்ய வைக்கும் துறைக்குச் செயற்கை உயிரியல் என்று பெயர். எடுத்துக்காட்டாக, 2006ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழக மாணவர்கள் குடிநீரில் கலந்துள்ள ஆர்சனிக் நஞ்சைக் கண்டறியும் பாக்டீரியாவை வடிவமைத்தனர். வங்காளதேசத்திலும் மேற்கு வங்காளத்திலும் பல இலட்சம் மக்கள் ஆர்சனிக் கலந்த கிணற்று நீரைப் பருகி நோயுற்றனர். அந்நீரை எளிதாகச் சோதிக்க வழி காண்பதே அம்மாணவர்களின் நோக்கம்.

இத்தகைய பாக்டீரியாவை உருவாக்க, நஞ்சை உணரும் துண்டு, அதைக் கண்டதும் செயல்படும் துண்டு, செயலை நிறுத்தும் துண்டு எனப் பல துண்டுகளை வரிசையாக ஒட்ட வேண்டும். ஒருவர் ஒட்டும் முறை மற்றவர் முறைக்கு ஒத்துவராவிட்டால், ஒருவர் மாதக் கணக்கில் உழைத்து உருவாக்கிய துண்டு அடுத்தவருக்குப் பயன்படாமல் போகும். அடுத்தவர் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

ஒரே அளவுச் செங்கல்

இச்சிக்கலுக்குத் தீர்வு தேடியவர் டாம் நைட். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த கணினிப் பொறியாளரான அவர், 2003ஆம் ஆண்டு 'பயோபிரிக்' என்னும் பொதுமுறையை முன்வைத்தார். அதை 'உயிரிச் செங்கல்' எனலாம். எந்தச் சூளையில் சுட்டாலும் செங்கல் ஒரே அளவில் இருந்தால் எந்தக் கொத்தனாரும் அதைக் கொண்டு சுவர் எழுப்பலாம். அதுபோல, எந்த ஆய்வுக்கூடத்தில் உருவான மரபணுத் துண்டும் ஒரே மாதிரியான முனைகளைக் கொண்டிருந்தால் யாரும் அதை எடுத்து ஒட்டலாம் என்பதே அவருடைய கருத்து.

டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் நொதிகள் உண்டு. அவற்றுள் எக்ஸ்பா-1, ஸ்பீ-1 என்னும் இரண்டும் வெவ்வேறு இடங்களில் வெட்டுகின்றன. ஆனால், இரண்டும் விட்டுச்செல்லும் முனை ஒன்றே: சை-தை-அ-கு. எனவே, ஒரு நொதி வெட்டிய முனையும் மற்றொரு நொதி வெட்டிய முனையும் ஒன்றோடொன்று பொருந்தும். ஒட்டிய பிறகு அவ்விடத்தை இரண்டு நொதிகளாலும் மீண்டும் வெட்ட முடியாது. ஆகவே, பழைய ஒட்டு பிரியாமல் புதிய துண்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

அதே ஆண்டு அக்கழகத்தில் மாணவர்களுக்கான ஒரு குறுகிய பாடமாகத் தொடங்கியது, 2004இல் ஐந்து குழுக்கள் பங்கேற்ற போட்டியாக வளர்ந்தது. அதுவே 'ஐஜெம்' எனப்படும் அனைத்துலகப் போட்டி. 2006இல் குழுக்களின் எண்ணிக்கை 32 ஆனது. பிற்காலத்தில் ஆண்டுதோறும் 300க்கும் மேற்பட்ட குழுக்கள் பங்கேற்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் 2008இலேயே இதில் களமிறங்கினர். பல்கலைக்கழக மாணவர்களோடு உயர்நிலைப்பள்ளி மாணவர்களும் இதில் பங்கேற்கலாம்.

இப்போட்டியின் தனிச்சிறப்பு ஒன்றுண்டு. குழுக்கள் தாம் உருவாக்கும் துண்டுகளைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கின்றன. அடுத்த ஆண்டு வேறொரு நாட்டு மாணவர்கள் அவற்றை எடுத்துப் பயன்படுத்தலாம். இவ்வாறு சேர்ந்த துண்டுகள் 20,000த்தைக் கடந்துள்ளன. சில ஆண்டுகளில், மற்றொரு குழுவுக்கு உதவுவது பதக்கம் பெறுவதற்கான நிபந்தனைகளுள் ஒன்றாகவும் இருந்தது. போட்டியாளருக்கு உதவினால்தான் பரிசு!

ஒட்டிய இடத்தில் ஒரு தழும்பு

பயோபிரிக் முறையில் ஒரு குறை இருந்தது. இரண்டு துண்டுகள் சேருமிடத்தில் வழக்கமாக எட்டு எழுத்துகள் கூடுதலாகத் தங்கிவிடும்: தை-அ-சை-தை-அ-கு-அ-கு. ஆய்வாளர்கள் இதைத் 'தழும்பு' என்றே அழைக்கின்றனர்.

தமிழ் இலக்கணத்தில் சொற்கள் புணரும்போது எழுத்துத் தோன்றுவது உண்டு. வாழை + பழம் = வாழைப்பழம். இங்கே தோன்றும் 'ப்' பொருளைக் கெடுப்பதில்லை. ஆனால், மரபணுத் தழும்பில் தோன்றும் எழுத்துகள் பொருளையே குலைத்துவிடக்கூடும். உயிரணு டி.என்.ஏ.வின் செய்தியை மூன்று மூன்று எழுத்துகளாகப் பிரித்துப் படிக்கிறது. எட்டு என்பது மூன்றால் வகுபடாத எண். எனவே, தழும்பைத் தாண்டியதும் எழுத்துகளின் பிரிப்பு பிறழ்ந்துவிடும். அதுமட்டுமன்று, தழும்பின் இரண்டாவது கூறாக அமையும் தை-அ-கு என்பதற்கு 'நிறுத்து' என்பதே பொருள். இரண்டு புரதங்களை இணைத்து ஒன்றாக்க விரும்பும் மாணவருக்கு முதற்பாதி மட்டுமே கிடைக்கும்.

இக்குறையை நீக்க ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழக மாணவர் குழு 2007ஆம் ஆண்டு முயன்றது. வேறு இரண்டு நொதிகளைத் தேர்ந்து, தழும்பை ஆறு எழுத்துகளாகச் சுருக்கியது. ஆறு மூன்றால் வகுபடும். அதில் 'நிறுத்து' என்னும் கட்டளையும் இல்லை. இப்போது இரு புரதங்களும் தடையின்றி ஒன்றாயின. அக்குழுவினர் பழைய முறையை முற்றாகத் தூக்கி எறியவில்லை. தங்கள் துண்டுகள் பழைய துண்டுகளோடும் ஒட்டும்படி வடிவமைத்தனர். தாங்கள் கண்ட வழியை எண்ணிட்ட பொதுக் குறிப்பாகவும் வெளியிட்டனர். முன்னவர் உழைப்பு வீணாகாமல், பின்னவர் பாதையும் சீரானது.

புதிய இணைப்பு முறைகள்

2008ஆம் ஆண்டு ஜெர்மனியில் 'கோல்டன் கேட்' என்னும் முறை வெளியானது. இதில் பயன்படும் நொதி, தான் அடையாளம் காணும் இடத்தில் வெட்டாமல் அதற்குச் சற்றுத் தள்ளி வெட்டுகிறது. ஆகவே, வெட்டுமுனையில் எந்த நான்கு எழுத்துகள் இருக்க வேண்டும் என்பதை வடிவமைப்பவரே முடிவுசெய்யலாம். ஈப்போ நிலையத்தில் நிற்கும் இரயிலைக் கற்பனை செய்து பாருங்கள். ஒவ்வொரு பெட்டியின் கொக்கியும் அதற்கு அடுத்த பெட்டியோடு மட்டுமே பொருந்தும்படி அமைந்திருந்தால், பெட்டிகள் வரிசை மாறாமல் தாமே இணைந்துகொள்ளும் அல்லவா? அவ்வாறே பல துண்டுகள் ஒரே குழாயில் ஒரே நேரத்தில் முறைப்படி ஒட்டிக்கொள்கின்றன.

2009ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் டேனியல் கிப்சன் மற்றொரு முறையை வெளியிட்டார். இதில் அடுத்தடுத்து வரும் துண்டுகளின் முனைகளில் ஏறக்குறைய 20 முதல் 40 எழுத்துகள் வரை ஒரே மாதிரி அமைக்கப்படும். மூன்று நொதிகள் 50 பாகை வெப்பத்தில் இணைந்து செயல்படும். ஒன்று முனையின் ஓர் இழையைக் கரைக்கும்; மற்றொன்று இடைவெளியை நிரப்பும்; மூன்றாவது நொதி ஒட்டும். இறுதியில் தழும்பே இராது. பொன் + மலை = பொன்மலை என எழுத்துத் தோன்றாமலும் திரியாமலும் கெடாமலும் சேரும் இயல்பு புணர்ச்சியைப் போன்றது இது. ஆயினும், ஒவ்வோர் இணைப்புக்கும் முனைகளைப் புதிதாக வடிவமைக்க வேண்டியிருக்கும்.

இம்முறை வெளியான மறு ஆண்டே, ஒளிரும் பாக்டீரியாக்களை உருவாக்கிய கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் குழு அதைக் கையாண்டது. பிற மாணவர்களும் பின்பற்றும் வகையில் வழிகாட்டிக் குறிப்பை எழுதி வெளியிட்டது. எளிதாக நினைவிற்கொள்ள ஒரு பாடலையும் இயற்றியது. அறிந்ததைப் பிறருக்குக் கற்பிப்பதும் கண்டுபிடிப்பைப் போலவே மதிப்புள்ள பணி என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

பெயர்ச்சீட்டும் நேர்மையும்

ஒட்டும் முறை எவ்வளவு சிறந்ததாயினும் ஒட்டப்படும் துண்டு சரியானதாக இருக்க வேண்டும். பொதுக் களஞ்சியத்தின் தொடக்க ஆண்டுகளில், பெயர்ச்சீட்டில் எழுதியிருந்ததும் குழாயில் இருந்ததும் ஒன்றாக இல்லாத துண்டுகள் சில இருந்தன. அவற்றை நம்பிப் பணியைத் தொடங்கிய மாணவர்களின் நேரம் வீணாகும். ஆகவே, துண்டுகளின் எழுத்து வரிசையைப் படித்துச் சரிபார்க்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. பயன்படுத்திய குழுக்கள் "எங்களுக்கு இது பயன்பட்டது", "எங்களுக்கு இது செயல்படவில்லை" என்று அனுபவத்தைப் பதிவுசெய்யவும் வழி ஏற்பட்டது. தோல்வியை மறைக்காமல் எழுதும் ஒரு மாணவர், தாம் சந்திக்கவே போகாத மற்றொரு மாணவரின் பல வார உழைப்பைக் காப்பாற்றுகிறார்.

அளவீட்டிலும் இதே சிக்கல் இருந்தது. ஒரே பாக்டீரியாவை இரண்டு ஆய்வுக்கூடங்களில் அளந்தால் இரண்டு கருவிகள் இரண்டு எண்களைக் காட்டும். எது சரி? 2018இல் ஐஜெம் குழுக்கள் ஒன்றிணைந்து நடத்திய ஆய்வில் 244 ஆய்வுக்கூடங்கள் பங்கேற்றன. அனைவரும் ஒரே வகைப் பாக்டீரியாக்களை ஒரே செய்முறையைப் பின்பற்றி அளந்தனர். எண்ணிக்கை தெரிந்த நுண்ணிய சிலிக்கா மணிகளைக் கொண்டு கருவியைச் சரிசெய்தால், வெவ்வேறு ஆய்வுக்கூடங்களின் அளவுகளை நம்பகமாக ஒப்பிடலாம் என்பதைக் கண்டறிந்தனர். அம்முடிவு 2020இல் அறிவியல் ஆய்விதழில் வெளிவந்தது. எந்தத் தனிக்குழுவாலும் இதைச் செய்திருக்க முடியாது. ஊர் கூடித் தேர் இழுத்தது என்பது இதுதான்.

நம் மண்ணில் நாளை

மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரப்பர் மரத்தின் மரபணுத் தொகுதியைப் படித்து, அதன் முதல் வரைவை 2013இல் வெளியிட்டனர். முன்னோர் உளி பிடித்த மரத்தின் நூலை இன்று எழுத்தெழுத்தாகப் படிக்க முடிகிறது. பேராக்கிலேயே கம்பார், ஸ்ரீ இஸ்கண்டார் ஆகிய இடங்களில் பல்கலைக்கழகங்கள் இயங்குகின்றன. கிந்தா பள்ளத்தாக்கில் பழைய ஈயக் குட்டைகள் ஏராளமாக உள்ளன. அவற்றின் நீரைச் சோதிக்கும் எளிய உயிரியல் கருவியை நாளை ஈப்போ மாணவர் ஒருவர் உருவாக்கலாம். அதற்குத் தேவையான துண்டுகளுள் ஒன்றை எடின்பரோ மாணவர் முன்பே செய்து வைத்திருக்கக்கூடும்.

அதே வேளையில், உயிர்களை மாற்றியமைக்கும் பணியில் பொறுப்பு மிக அவசியம். மாற்றியமைத்த உயிரினங்களைக் கையாள்வதை நம் நாட்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் 2007 நெறிப்படுத்துகிறது. ஆய்வுக்கூடத்தில் உருவான பாக்டீரியாவை எண்ணியபடி வெளியே விட முடியாது. பாதுகாப்பு விதிகளும் குழுக்கள் ஒன்றுபட்டுக் காக்க வேண்டிய பொது ஒப்பந்தமே.

ஒட்டுக்கட்டிய கை அளவையும் தூய்மையையும் பெயர்ச்சீட்டையும் காத்தது. மரபணுவை ஒட்டும் கையும் அவற்றையே காக்கிறது. கோலகங்சார் மரத்தடியில் நிற்கும் வாய்ப்புக் கிடைத்தால் இதை எண்ணிப் பாருங்கள். நாம் இன்று செம்மையாகச் செய்து, உண்மையாகப் பெயரெழுதி வைக்கும் சிறு துண்டு, முகமறியாத ஒருவரின் கையில் நாளை பெரும் பயனாக வளரும்.

அருஞ்சொற்பொருள்

முளைக்கண் – புதிய தளிர் தோன்றும் மொட்டு
இரகம் – வகை
நொதி – உயிரணுக்களில் வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம்
களஞ்சியம் – சேமித்து வைக்கும் இடம்
தழும்பு – காயம் ஆறியபின் எஞ்சும் வடு
வரைவு – முதற்கட்ட வடிவம்

கருத்துணர் கேள்விகள்

1. ஒட்டுக்கட்டுதல் வெற்றி பெறத் தேவையான மூன்று நிபந்தனைகளை எழுதுக.
2. பெயர்ச்சீட்டில் நேரும் தவறு மற்ற இரண்டு தவறுகளைவிடக் கடுமையானது எனக் கூறலாமா? காரணம் தருக.
3. எட்டு எழுத்துத் தழும்பு புரதத்தை எவ்வாறு பாதிக்கிறது? ஃபிரைபர்க் மாணவர்கள் அதை எவ்வாறு தீர்த்தனர்?
4. 'ஊர் கூடித் தேர் இழுத்தது' என்னும் தொடர் இக்கட்டுரையில் எச்சூழலில் ஆளப்பட்டுள்ளது? விளக்குக.
5. கீழ்க்காணும் சொற்களைச் சேர்த்தெழுதி, புணர்ச்சி வகையைக் குறிப்பிடுக: பால் + மரம், பொன் + குடம், மரம் + வேர்.
6. தோல்வியைப் பதிவுசெய்வது வெற்றியைப் பதிவுசெய்வதைப் போலவே பயனுள்ளது. இக்கூற்றைப் பற்றிய உம் கருத்தை 80 சொற்களில் எழுதுக.